பட்டறை மேசை: இந்த முறை செயின்சோ

தென்மேற்குக் காற்று தொடங்கினால் கொழும்பில் மரம் விழும். மரம் விழுந்தால் வருடம் முழுக்க மூலையில் கிடந்த மெஷினை எல்லோரும் இழுத்துப் பார்ப்பார்கள், அது ஸ்டார்ட் ஆகாது. அப்புறம் எனக்குக் கடிதம் வரும். தண்ணீர் மோட்டார், மிக்ஸி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, என்னிடம் 5800 என்று எழுதியிருக்கும் சைனா மெஷின் இருக்கிறது. செயின் அறுந்துவிட்டது. பழைய சோனகத் தெருவில் ஒரு கடையில் 20 அங்குலச் செயின் என்று கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து போட்டால் செயினை ஓட்டும் பல்சில்லில் உட்காராமல் துள்ளுகிறது. கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டாராம். யாரில் பிழை?
— ஒரு வாசகர், வத்தளை

பதில்: நீங்கள் கேட்டதைத்தானே அவர் தந்திருக்கிறார், தம்பி. 20 என்பது பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின் நீளம். அதை மட்டும் வைத்துச் செயின் வாங்க முடியாது. செயினுக்கு மூன்று அளவு வேண்டும்.

முதலாவது, பிட்ச். செயினில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டை எடுங்கள். முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து இரண்டால் பிரியுங்கள். வீட்டில் இருக்கும் அடிமட்டம் போதும், பிரிக்கக்கூடத் தேவையில்லை. மூன்று ரிவெட்டுக்கு 16.5 மில்லிமீற்றர் வந்தால் அது .325 அங்குலச் செயின். 18.6 வந்தால் 3/8. 20.5 வந்தால் .404, அது பெரிய மெஷினுடையது. 3/8 என்றால் கணக்குப்படி 19க்கு மேல் வரவேண்டுமே என்று கேட்பீர்கள். வராது. பெயர்தான் 3/8, உண்மையான பிட்ச் 9.32 மில்லிமீற்றர்தான்.

இரண்டாவது, தடிப்பு. பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கீழ்ப்பல்லின் தடிப்பைச் சொல்கிறேன். .050 அங்குலம் என்றால் 1.3 மில்லிமீற்றர், .058 என்றால் 1.5, .063 என்றால் 1.6. 1.3 செயினை 1.5 பாரில் போட்டாலும் ஓடும், அதுதான் சிக்கல். ஓடும், ஆனால் பள்ளத்துக்குள் இரண்டு பக்கமும் ஆடி, பாரையும் தின்று, வெட்டையும் கோணலாக்கும்.

மூன்றாவது, கீழ்ப்பல்லின் எண்ணிக்கை. பழைய செயினில் ஒரு பல்லுக்கு மார்க்கர் பேனையால் குறி வைத்துவிட்டு எண்ணுங்கள். குறி வைக்காமல் எண்ணினால் எங்கே தொடங்கினோம் என்று மறந்துபோகும்.

5800க்கு 20 அங்குலப் பாரோடு வழக்கமாக வருவது .325, .058, 76 கீழ்ப்பல். உங்களுக்குக் கிடைத்தது 3/8 ஆக இருக்க வேண்டும், அதில் 20 அங்குலத்துக்கு 72 பல் வரும். சில்லின் பல்லும் செயினின் பிட்சும் ஒன்றாக இல்லாவிட்டால் துள்ளத்தான் செய்யும். இதைப் பூட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். செயின் கழன்றால் கைப்பக்கம்தான் வரும்.

பாரின் பின்பக்கம், மெஷினோடு பூட்டும் இடத்தில், இந்த மூன்று அளவும் பொறித்திருக்கும். மண்ணெண்ணெயால் துடைத்தால் தெரியும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, அறுந்த செயினையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். வாயால் மட்டும் சொல்லிச் சாமான் வாங்கும் பழக்கத்தை விடுங்கள்.

இன்னுமொன்று. பல கடைகளில் செயினை உருளையிலிருந்து வெட்டி ரிவெட் அடித்துத் தருவார்கள். அதில் தவறில்லை, மலிவும்கூட. ஆனால் அடித்த இணைப்பை விரலால் மடக்கிப் பாருங்கள். பக்கத்து இணைப்புகளைப் போலவே இலகுவாக மடங்க வேண்டும். விறைத்து நின்றால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் போட் எஞ்சினுக்கு எப்போதும் ஒயில் இருக்கும். அதையே பெற்றோலில் கலந்து செயின்சோவுக்கும் ஊற்றினோம். அரை மணித்தியாலம் நன்றாக வெட்டியது. பிறகு சத்தம் மாறி நின்றுவிட்டது. இப்போது கயிற்றை இழுத்தால் கரகரவென்று வருகிறது. இரண்டும் டூ ஸ்ட்ரோக் தானே? பிஸ்டன் போயிருக்குமா? புதிதாக வாங்கிப் போட்டால் சரிவருமா?
— ஒரு வாசகர், நீர்கொழும்பு

பதில்: இரண்டும் டூ ஸ்ட்ரோக்தான். ஒன்று கடல் தண்ணீரில் குளிர்கிறது, மற்றது காற்றில் குளிர்கிறது. போட் எஞ்சின் ஒயில் போத்தலில் டி.சி.-டபிள்யூ3 என்று இருக்கும். அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கென்று செய்தது. செயின்சோவின் சிலிண்டர் அதைவிட எவ்வளவோ சூடாகும், அந்தச் சூட்டில் அந்த ஒயில் நின்றுபிடிக்காது. உங்களுக்குத் தேவை ஜே.ஏ.எஸ்.ஓ. எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று போட்டிருக்கும் ஒயில். அளவு, மெஷின் புத்தகம் 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். பல சைனா மெஷின்களின் புத்தகத்தில் 25க்கு 1 என்று இருக்கும், அதற்கு 40. போத்தல் மூடியால் அளக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்துக்கடையில் ஒரு சிரிஞ் வாங்குங்கள்.

இனிக் கயிற்றை இழுக்காதீர்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சிலிண்டரில் இன்னொரு கோடு விழும். சைலன்சரைக் கழற்றுங்கள், இரண்டு மூன்று ஆணிதான். உள்ளே புகை வெளியேறும் துளை வழியாக டோர்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். பளபளப்பாக இருந்தால் தப்பித்தீர்கள். மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் எந்தப் பக்கம் என்று பாருங்கள், காரணம் அதில்தான் இருக்கிறது. பிஸ்டன் சுற்றிவரக் கீறியிருந்தால் ஒயில் போதவில்லை, அல்லது ஒயிலே இல்லை. சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்தால் அதிகச் சூடு. அதற்கு உங்கள் ஒயிலும் காரணமாக இருக்கலாம், எங்கேயோ காற்று உள்ளே இழுக்கப்பட்டுப் பெற்றோல் குறைந்திருக்கவும் கூடும். காபரேட்டர் பக்கம் கீறியிருந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசு போயிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் அடுத்த மாதம் திரும்பவும் வாங்குவீர்கள். கடைக்காரருக்குச் சந்தோஷம்தான்.

அடுத்தது சிலிண்டர். கழற்றி, உட்சுவரில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மேடாக எதிலாவது தட்டினால் அது பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டியது. எமரிப் பேப்பரால் பொறுமையாகத் தேய்த்தால் போய்விடும். நகம் பள்ளத்தில் விழுந்தால் உட்சுவரின் உலோகப் பூச்சே போய்விட்டது, சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த செற்றாக மாற்ற வேண்டியதுதான். சில பட்டறைப் பாஸ்மார் குளியலறை கழுவும் அசிட்டைப் பஞ்சில் தொட்டு ஒட்டிய அலுமினியத்தைக் கரைப்பார்கள். நிக்கல் பூச்சுள்ள சிலிண்டரில் கவனமாகச் செய்தால் அது வேலை செய்யும். மலிவான சைனா சிலிண்டர்களில் பெரும்பாலும் குரோம் பூச்சு. அசிட் அலுமினியத்தோடு குரோமையும் சேர்த்துத் தின்றுவிடும். உங்களுடையது எந்தப் பூச்சு என்று தெரியாவிட்டால் எமரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் வாங்கும்போது மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பவேண்டாம். சிலிண்டரின் உள் விட்டம் 5200க்கு 45 மில்லிமீற்றர், 5800க்கு 45.2 மில்லிமீற்றர் என்பது வழக்கம். ஸ்டிக்கரில் 5800, உள்ளே 45 என்று என் மேசைக்கு மெஷின் வந்திருக்கிறது. 45.2 பிஸ்டனை 45 சிலிண்டருக்குள் தட்டித் தட்டி இறக்கிக் கொண்டுவந்த ஆளும் இருக்கிறார். வேர்னியரால் சிலிண்டரை அளந்துகொண்டு போங்கள். வேர்னியர் இல்லாவிட்டால் சிலிண்டரையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பூட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் வளையக் கிளிப் புதிதாக இருக்க வேண்டும், பழையதைத் திரும்பப் போடாதீர்கள். கிளிப் போடுமுன் கீழே எஞ்சின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். அது தெறித்து உள்ளே விழுந்தால் எஞ்சினை இரண்டாகப் பிளக்க நேரும்.

காற்றுக் கசிவையும் சொல்லி முடிக்கிறேன். பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் இரண்டு பக்கமும் உள்ள ஒயில் சீல் வயதானால் விறைத்துக் காற்றை உள்ளே விடும். ஐட்லிங்கில் மெஷினைச் சரிக்கச் சத்தம் ஏறி இறங்கினால், அல்லது அக்சிலரேட்டரிலிருந்து கையை எடுத்த பிறகும் வேகம் இறங்கத் தாமதித்தால், அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சீலின் முகத்திலேயே உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு மூன்றும் பொறித்திருக்கும். இதற்குச் செயின்சோ கடை தேவையில்லை. பஞ்சிகாவத்தையில் வாகன ஒயில் சீலும் பெயாரிங்கும் விற்கும் கடைகளில் அளவைச் சொன்னால் போதும். பெயாரிங்கும் அப்படித்தான். 6202 என்று அடித்திருந்தால் உலகத்தில் எங்கே வாங்கினாலும் உள் 15, வெளி 35, தடிப்பு 11 மில்லிமீற்றர். ஆனால் நம்பருக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். சூட்டில் விரிவதற்கு விட்ட இடைவெளியைக் காட்டும் குறி அது.

கேள்வி: தம்பி ஆறேழு மாதத்துக்கு முன் ஊரிலிருந்து வந்தபோது வெட்டிவிட்டு வைத்துவிட்டுப் போன சிறிய ஸ்டில் மெஷின், எம்.எஸ். 180. இப்போது சோக் போட்டால் ஒரு நொடி பிடித்து அணைந்துவிடுகிறது. பக்கத்துக் கராஜில் காபரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றட்டுமா?
— ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம் தங்கச்சி, முதலில் தாங்கியைப் பாருங்கள். உள்ளே பழைய பெற்றோல் இருந்தால் மூடியைத் திறந்ததுமே மணத்தில் தெரியும், வார்னிஷ் மாதிரி அடிக்கும். ஒயில் கலந்த பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பது நல்லதில்லை. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது வரிசையில் நின்று கேனில் சேர்த்து வைத்ததை அடுத்த வருடம் மெஷினுக்கு ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். அந்த வருடம் எனக்கு நல்ல வேலை.

ஒரு கம்பியை வளைத்துத் தாங்கிக்குள் விட்டால் குழாயின் நுனியில் இருக்கும் சின்ன ஃபில்டர் வெளியே வரும். அதை மாற்றுங்கள். குழாயையும் விரலால் நசுக்கிப் பாருங்கள். வெடித்திருந்தாலோ பிசுபிசுத்தாலோ அதையும் மாற்றுங்கள். இரண்டும் சில்லறைச் சாமான்.

அதற்குப் பிறகும் அணைந்தால், காபரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயப்ரம் விறைத்திருக்கும். காதருகே வைத்து அமுக்கினால் கடதாசி போலச் சரசரக்கும். நல்லது சத்தமே போடாது. காபரேட்டரின் உடம்பில் வால்ப்ரோ அல்லது ஸாமா என்ற பெயரும் ஒரு நம்பரும் இருக்கும். அந்த நம்பரைச் சொன்னால் டயப்ரமும் பெக்கிங்கும் சேர்ந்த கிட் கிடைக்கும். உங்களுடையது அசலாக இருந்தால் கிட்டைப் போட்டு அதையே காப்பாற்றுங்கள் என்பதுதான் என் கருத்து. அசலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நம்பரில்லாத முழுக் காபரேட்டரைப் பூட்டிக்கொண்டு வருவது நஷ்டம். கழற்றியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் மறக்காதீர்கள்.

கேள்வி: அப்பா காலத்து ஸ்டில் 070. பலகை அரிந்த மெஷின். ஓடவைக்க ஆசை. சாமான் கிடைக்குமா, அசலா போலியா என்று எப்படித் தெரியும்?
— ஒரு வாசகர், அவிசாவளை

பதில்: கிடைக்கும். 105 சி.சி. மெஷின், ஆசிய நாடுகளில் மரம் அரிந்தவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதனாலேயே அதை அப்படியே கொப்பி அடித்தவர்களும் ஏராளம். கொப்பிச் சாமானும் இதில் ஏறும் என்பது ஒருவகையில் வசதிதான்.

ஸ்டில்லில் ஒவ்வொரு சாமானுக்கும் நம்பர் உண்டு. பிளாஸ்டிக்கிலும் வார்ப்பிலும் அச்சாகவே இருக்கும். முதல் நான்கு இலக்கம் எந்த மெஷின் குடும்பம் என்பதைச் சொல்லும். 070க்கு 1106, எம்.எஸ். 381க்கு 1119, முன்னைய கேள்வியில் வந்த 180க்கு 1130. உங்கள் மெஷினில் அங்கங்கே வேறு குடும்ப நம்பர் தெரிந்தால் யாரோ ஒட்டுப்போட்டிருக்கலாம். நம்பரே இல்லாமல் மொழுக்கென்று இருந்தால் அது கொப்பிச் சாமான். ஹஸ்க்வர்னாக்காரர்கள் ஒன்பது இலக்க நம்பர் போடுவார்கள், அதில் இப்படி முதல் இலக்கத்தைப் பார்த்து மொடலைச் சொல்ல முடியாது.

கொப்பியா அசலா என்று நான் பிடிவாதம் பிடிப்பது மூன்று சாமானுக்கு மட்டும்: பிஸ்டன் ரிங், கிராங், கிளட்ச். கவர், கைப்பிடி, கயிறு, மூடி எல்லாம் கொப்பியே போதும். கவருக்கு அசல் விலை கொடுக்கிறவர் பணக்காரராக இருக்க வேண்டும்.

ஆசையைக் கெடுக்கவில்லை, ஆனால் ஒன்று. பல 070களில் செயின் பிரேக் கிடையாது. பாரின் மேல் நுனி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும், நிறுத்த எதுவும் இல்லை. படுத்த குற்றியில் பலகை அரிய வைத்துக்கொள்ளுங்கள். கிளை வெட்ட இதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறவேண்டாம்.

கேள்வி: புதுச் செயின் போட்டும் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகிறது. பார் கோணலா?
— ஒரு வாசகர், ஹோமாகம

பதில்: புதுச் செயின் என்றால் பாரைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி மேசையில் நிமிர்த்தி நிறுத்துங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் பள்ளத்தின் இரண்டு விளிம்பும் ஒரே உயரமில்லை. தட்டை அரத்தால் சமப்படுத்தலாம். இனிமேல் ஒவ்வொரு தடவை தீட்டும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டுங்கள்.

செயினை ஒரு தடவையாவது நீங்கள் அரம் போட்டிருந்தால் கதை வேறு. வலது கைக்காரருக்கு ஒரு பக்கத்து வெட்டும் பல் நன்றாக வரும், மறுபக்கம் சோம்பல். ஒரு பக்கம் குட்டையானால் வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கமாக இழுக்கும். மிகக் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து மற்ற எல்லாவற்றையும் அதன் அளவுக்குக் கொண்டுவாருங்கள். .325க்கு 4.8 மில்லிமீற்றர் வட்ட அரம், 3/8க்கு 5.2 அல்லது 5.5, .404க்கு 5.5. சின்ன மெஷின்களில் வரும் பணிந்த, அதாவது உயரம் குறைந்த 3/8க்கு மட்டும் 4.0. ஒரே அரத்தால் எல்லாச் செயினையும் தீட்டித் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

என்ன மரம் வெட்டினீர்கள் என்று எழுதவில்லை. தென்னை என்றால் பல் சீக்கிரம் மழுங்கும், அதிலும் வெளிப்பக்கம் இரும்பு. கொழும்பு வீதியோர மரம் என்றால் இன்னும் மோசம். தேர்தலுக்குத் தேர்தல் போஸ்டர் அடித்த ஆணியெல்லாம் பட்டைக்குள் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: செயினுக்கு வாகனத்திலிருந்து வடித்த பழைய ஒயில் ஊற்றலாமா?
— ஒரு வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: வேண்டாம். இரும்புத் துகளும் கரியும் கலந்தது, ஒயில் பம்ப்பின் சின்னத் துளையை அடைக்கும். வேகமாக ஓடும் செயினில் ஒட்டவும் ஒட்டாது, உங்கள் சேர்ட்டில் தெறிக்கும். செயின் ஒயில் கிடைக்காத நாளில் புது எஞ்சின் ஒயில் ஊற்றுங்கள்.

கேள்வி: பாவித்த மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கி முதலில் வீட்டுப் பலா மரத்தை வெட்ட எண்ணம். எதைப் பார்த்து வாங்குவது?
— ஒரு வாசகர், மாபோளை

பதில்: மெஷினுக்கு முன் கடதாசி. 2019 இல் நாட்டிலுள்ள இயந்திர வாள்களைப் பதிவு செய்யச் சொன்னார்கள். விற்பவரிடம் அந்தப் பதிவைக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பலா மரத்துக்கும் கடதாசி வேண்டும். 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் வருகின்றன. உங்கள் சொந்த வளவில் நின்றாலும் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. கிராம சேவகரிடம் போய்த் தொடங்குங்கள்.

மெஷினைப் பார்க்க: குளிர்ந்த மெஷினையே ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போது ஏற்கனவே சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கைப்பிடியில் மெஷினைத் தொங்கவிடுங்கள். கயிறு விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கம், பரவாயில்லை. சர்ரென்று கீழே வந்தால் ரிங் போய்விட்டது. கேஜ் வைத்திருப்பவர் கூட வந்தால் 150 பி.எஸ்.ஐ. நல்லது, 120க்குக் கீழே வாங்காதீர்கள். சைலன்சரைக் கழற்றிப் பார்க்க விடமாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சில்லு மாற்றக் கிளட்சைக் கழற்றப் பார்க்கிறேன். எவ்வளவு பலமாகத் திருப்பியும் அசையவில்லை. கூடவே பிஸ்டனும் சுற்றுகிறது.
— ஒரு வாசகர், தெமட்டகொடை

பதில்: எதிர்ப்பக்கம் திருப்புகிறீர்கள். கிளட்சுக்கு இடப்புரி. மணிக்கூட்டு முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழரும், நீங்கள் இவ்வளவு நேரமும் இறுக்கியிருக்கிறீர்கள். பிஸ்டனை நிறுத்த ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஸ்டார்ட்டர் கயிற்றுத் துண்டு ஒன்றை உள்ளே விட்டு, நுனியை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரை விடவேண்டாம், பிஸ்டன் தலை துளையாகும். கழற்றிய சில்லில் செயின் ஓடிய தடம் ஆழமாக விழுந்திருந்தால் புதுச் செயினும் சேர்த்து வாங்குங்கள். வத்தளைத் தம்பிக்குச் சொன்ன மூன்று அளவையும் எழுதிக்கொண்டு போங்கள்.